கேட்கத் தெரிந்த படிவம்

2022 ஜனவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் உத்தரவு வெளிவந்தது. அரசு அலுவலகங்களுக்குக் கொடுக்கும் விண்ணப்பங்களில் ‘தாழ்மையாயி அபேக்ஷிக்குன்னு’ என்ற தொடர் இனி வேண்டாம். ‘அபேக்ஷிக்குன்னு’ என்றோ ‘அப்யர்த்திக்குன்னு’ என்றோ எழுதினால் போதும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் அறிவுறுத்தியது. தமிழில் சொன்னால், ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதிலிருந்து தாழ்மையை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது.

ஒரு சொல்லை நீக்கிவிட்டால் சான்றிதழ் சீக்கிரம் வந்துவிடுமா என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். வராது. ஆனால் அந்த உத்தரவு தனியே வந்ததல்ல. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2021 அக்டோபரில், கேரள அமைச்சரவை எடுத்த முடிவுகளோடு சேர்த்து அதைப் படிக்க வேண்டும். அரசுச் சேவைக்கான விண்ணப்பப் படிவம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அவசியமான விவரங்களை மட்டுமே கேட்க வேண்டும். வணிகம் சாராத சேவைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கூடாது. ஆவண நகல்களில் கெசட்டட் ஆபீசரின் கையெழுத்து வேண்டாம்; விண்ணப்பிப்பவரே சான்றொப்பமிடலாம். ஒரு தேவைக்காக வாங்கிய சான்றிதழை வேறு தேவைக்கும் காட்டலாம். கேரளத்தில் பிறந்ததற்கான சான்றிதழோ, இங்கே ஐந்து ஆண்டு படித்ததற்கான சான்றோ கையில் இருந்தால், பூர்வீகச் சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை.

அரசுப் படிவங்களில் எளிய மொழி வேண்டும் என்று சொல்லும்போது, பலரும் கடினமான சொல்லை எடுத்துவிட்டுச் சுலபமான சொல்லைப் போடுவதையே நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. ஒரு படிவத்தை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம். படிவம் நம்மை எந்தத் தொனியில் பேச வைக்கிறது என்பது ஒன்று. நம் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்பது இரண்டு. நம்மிடம் என்ன கேட்கிறது, அதை எப்படிக் கேட்கிறது என்பது மூன்று. கேரளம் முதல் இரண்டிலும் கை வைத்துவிட்டது. எளிய மொழியின் முழுப் பயனும் மூன்றாவதில்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் வேலையும் அங்கேதான்.

தொனி

‘தாழ்மை’ என்ற சொல் விண்ணப்பத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு இந்த ஊரில் நீண்ட வரலாறு உண்டு. திருவிதாங்கூர் மன்னராட்சியில் குடிகள் அரசுக்கு எழுதியதெல்லாம் மன்றாட்டாகவே இருந்தது. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களால் மேலே இருப்பவர் முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூட முடியவில்லை. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. அரசு வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கேட்டு 1891இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு அரசரிடம் கொடுத்த மலையாளி மெமோரியல், ஐந்து ஆண்டு கழித்து டாக்டர் பல்ப்புவின் முன்முயற்சியில் போன ஈழவ மெமோரியல் ஆகிய இரண்டும் உரிமையைக் கேட்ட ஆவணங்கள். ஆனால் அந்தக் காலத்தில் உரிமையையும் மனுவாகத்தான் கேட்க முடிந்தது. ஆட்சி மாறி, அரசியல் சாசனம் வந்து, 1956இல் மாநிலமும் பிறந்தது. மனுவின் நடை மட்டும் மாறாமல் படிவத்தில் தங்கிவிட்டது.

பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் கிராம பஞ்சாயத்து இதை இன்னும் தெளிவாகப் பார்த்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில், கட்சி வேறுபாடு இல்லாமல் அது ஒரு தீர்மானம் போட்டது. அலுவலகத்தில் யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டாம். பெயரையோ பதவியையோ சொல்லலாம், மூத்தவரென்றால் சேட்டா, சேச்சி என்று அழைக்கலாம். விண்ணப்பப் படிவத்தின் பெயரையே ‘அவகாச பத்ரிகா’, அதாவது உரிமைப் பத்திரம், என்று மாற்றினார்கள். கெஞ்சிக் கேட்கும் சொற்களுக்குப் பதிலாக ‘எனக்கு உரியதைக் கோருகிறேன்’ என்ற பொருளில் எழுதலாம் என்றார்கள். அதே ஆண்டின் கடைசியில் மாநில அரசு படிவங்களில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் கேட்கும் இடங்களில் ‘மனைவி அல்லது கணவர்’ என்று கேட்கச் சொன்னது.

இவற்றை வெறும் மரியாதைச் சீர்திருத்தம் என்று தள்ளிவிட முடியாது. தாழ்மையாகக் கேட்கப் பழகியவர், ‘இந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்?’ என்று கவுன்டரில் கேட்கவும் தயங்குவார். கேட்காமல் குத்துமதிப்பாக எதையோ நிரப்புவார். விண்ணப்பம் திரும்பி வரும்போது தன் தலையெழுத்தை நொந்துகொள்வாரே தவிர, கேள்வி புரியவில்லை என்று சொல்ல மாட்டார்.

சுமை

படிவங்கள் ஏன் பெருத்துப்போகின்றன என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஏதோ ஒரு பழைய சம்பவம் இருக்கும். எப்போதோ ஒருவர் மோசடி செய்திருப்பார்; அதைத் தடுக்க ஒரு கட்டம் சேரும். தணிக்கையில் ஓர் ஆட்சேபம் வந்திருக்கும். அதற்காக ஓர் இணைப்பு சேரும். புதிதாக வந்த திட்டத்துக்குப் புள்ளிவிவரம் தேவைப்பட்டிருக்கும். அதற்கும் இரண்டு வரி. கேள்வியைச் சேர்க்கும் அதிகாரிக்குக் காரணம் இருக்கிறது. நீக்குவதற்குத்தான் யாருக்கும் காரணமில்லை. சேர்த்தவர் மாற்றலாகிப் போய்விடுவார், கேள்வி நிரந்தரமாகிவிடும்.

கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இதற்கு நல்ல உதாரணம். ஜெராக்ஸ் வராத காலத்தில், கையால் படியெடுத்த நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தார். அசலையே படம் பிடித்ததுபோல் நகலெடுக்கும் இயந்திரம் வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கையெழுத்துக்காக மக்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரையும் ஆஸ்பத்திரி டாக்டரையும் தேடி அலைந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவசரத்தில் போடும் கையெழுத்தால் எந்த மோசடி நின்றது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2013இலேயே சுய சான்றொப்பத்துக்கு மாறச் சொன்னது. அசலைக் கடைசிக் கட்டத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்பது அதன் நியாயம்.

ஒரு பக்க வரம்பின் மதிப்பு இங்கேதான். இடம் குறைந்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அலுவலகம் முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆனால் இந்த விதியை ஏமாற்றுவது சுலபம். எழுத்தைப் பொடிசாக்கலாம், கட்டங்களை நெருக்கலாம், ‘இணைப்பு அ’, ‘இணைப்பு ஆ’ என்று பின்னால் தைக்கலாம். நான்கு பக்கத்தில் புரியாத கேள்வி ஒரு பக்கத்தில் நெருக்கினால் புரிந்துவிடாது. ஆகவே மூன்றாவது அடுக்குக்குப் போவோம்.

கேள்வி

நல்ல மருத்துவர் நோயாளியிடம் ‘எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து? சாப்பிட்டால் கூடுகிறதா?’ என்று கேட்பார். நோயின் பெயரை நோயாளியே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார். அது அவர் வேலை. அரசுப் படிவங்கள் பெரும்பாலும் நோயின் பெயரைத்தான் நம்மிடம் கேட்கின்றன.

வருமானச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். ‘குடும்ப ஆண்டு வருமானம்’ என்று ஒரு கட்டம். மாதச் சம்பளக்காரருக்குச் சிக்கல் இல்லை. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் இதை எப்படி நிரப்புவார்? அவருக்குத் தெரிந்தது ஒரு நாள் கூலி. கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 700ஐ 30ஆல் பெருக்கி, அதை 12ஆல் பெருக்கி 2,52,000 என்று எழுதிவிடுகிறார். உண்மையில் மழைக்காலமும் வேலையில்லாத நாட்களும் போக, அவருக்கு மாதம் 15 நாள்தான் வேலை. அப்படியானால் சரியான தொகை 1,26,000. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. எழுதிய தொகை வரம்பைத் தாண்டுகிறது. உண்மையான தொகை வரம்பில் பாதியைத்தான் தொடுகிறது. பொய் சொல்லாத ஒருவருடைய பிள்ளைக்கு, கேள்வி கேட்ட விதத்தால் படிப்புதவி கைநழுவிப் போகிறது.

இதே கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்: ‘உங்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? மாதத்தில் சராசரியாக எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு?’ மூன்றுக்கும் அவர் யோசிக்காமல் பதில் சொல்வார். பெருக்குவது அலுவலகத்தின் வேலை. ‘குடும்பம்’ என்றால் யார் யார், கல்யாணமாகித் தனியே போன அண்ணன் அதில் சேர்வாரா, ‘ஆண்டு’ என்றால் ஜனவரியிலிருந்தா ஏப்ரலிலிருந்தா என்பதையும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். இப்போது படிவம் சற்று நீளமாகிறது. ஆனால் பதில் சரியாக வருகிறது. எளிமையைச் சொற்களை எண்ணி அளக்க முடியாது. சரியான பதில் வருகிறதா என்பதே அதற்கு அளவு.

வாக்கியத்துக்கு வருவோம். அலுவலக நடையில் எழுதப்பட்ட ஒரு நிபந்தனை இப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்: ‘மேற்படி மனுதாரர் மேற்கண்ட முகவரியில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத காலம் தொடர்ச்சியாக வசித்து வருபவராக இருந்தாலன்றி அன்னாரது விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டாது என்பதால், அதற்குரிய ஆதாரம் இணைக்கப்படுதல் வேண்டும்.’ இதில் ஒரு சொல்கூட அகராதி தேடும் அளவுக்குக் கடினமில்லை. ஆனால் படித்து முடித்ததும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிவதில்லை. ‘குறையாத’, ‘இருந்தாலன்றி’, ‘படமாட்டாது’ என்று மூன்று எதிர்மறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. செய்ய வேண்டிய காரியம் வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. எந்த ஆதாரம் என்று சொல்லவே இல்லை.

மாற்றி எழுதினால்: ‘இந்த முகவரியில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்? 5 ஆண்டு ஆகவில்லை என்றால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டாம். 5 ஆண்டு ஆகியிருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்றின் நகலை இணையுங்கள்: ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது.’ சட்டம் அதேதான், நிபந்தனையும் அதேதான். தகுதி இல்லாதவர் வாசலிலேயே தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார். தகுதி உள்ளவர் எதைக் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

சில கேள்விகள் எந்தச் சொல்லில் கேட்டாலும் பொருந்தாது. பெயர்க் கட்டம் அப்படிப்பட்டது. முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது வடக்கத்தியப் பெயருக்கும் ஐரோப்பியப் பெயருக்கும் சரி. திருவனந்தபுரத்தின் கரமனையிலோ வலியசாலையிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்காது. மலையாளிகளிலும் பலருக்கு வீட்டுப்பெயர் முதலெழுத்தாகத்தான் நிற்கும். பான் அட்டை விண்ணப்பம் வெகுகாலமாக முதலெழுத்துகளை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்கிறது. ஆகவே ஒருவர் ஓர் அட்டையில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குகிறார், இன்னோர் அட்டையில் ஊரை முன்னால் போடுகிறார், பள்ளிச் சான்றிதழிலோ முதலெழுத்து மட்டும் இருக்கிறது. பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கோ பென்ஷனுக்கோ போகும்போது, இந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. ‘உங்கள் பெயரை நீங்கள் எழுதுவது போலவே முழுதாக எழுதுங்கள்’ என்ற ஒரே கட்டம் இத்தனை அலைச்சலையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

யாருக்கு லாபம்?

முதல் லாபம் குடிமகனுக்கு என்பது வெளிப்படை. தினக்கூலிக்காரருக்கு ஒரு முறை அலுவலகம் போய்வருவது ஒரு நாள் கூலி. விண்ணப்பம் திரும்பி வந்தால் இரண்டு நாள் கூலி. அதைவிட முக்கியமானது, புரியாத படிவம் தரகருக்குச் சோறு போடுகிறது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் எழுத்தறிவு 94 விழுக்காடு. முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991லேயே அறிவித்துக்கொண்ட இங்கேயும், படிவம் நிரப்ப மற்றவர் கையை எதிர்பார்க்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு எழுத்து தெரியும்; அலுவலகத்தின் மொழிதான் தெரியாது. அந்த மொழியை வாடகைக்கு விடுவதே தரகரின் தொழில்.

இரண்டாவது லாபம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தப்பாக நிரப்பிய விண்ணப்பத்தை வாங்கிப் பதிவு செய்து, குறையைக் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, திரும்ப வந்ததை மறுபடி பதிவு செய்வது ஒரே கோப்பை இரண்டு முறை பார்ப்பதாகும். ‘இங்கே என்ன எழுதணும்?’ என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கிளார்க்குக்கு, அந்தப் பதிலைப் படிவத்திலேயே அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனை நேரம் மிச்சம் என்று அவரைக் கேட்டாலே தெரியும். கேரளத்தின் சேவை உரிமைச் சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. இன்ன சேவையை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் விண்ணப்பம் ‘குறையுடையது’ என்று திரும்பிக்கொண்டே இருந்தால் அந்த நாட்கணக்குக்கு என்ன அர்த்தம்?

மூன்றாவது லாபம் சட்டத்துக்கு. பெரும்பாலான படிவங்களின் அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்று ஓர் உறுதிமொழி இருக்கும். பொய்யானால் தண்டனை என்ற எச்சரிக்கையும் உண்டு. கேள்வியே புரியாமல் கையெழுத்திட்டவரிடம் அந்த உறுதிமொழியை வைத்து என்ன செய்ய முடியும்? கேள்வி தெளிவாக இருந்தால்தான், தவறிப்போய் எழுதியவரையும் தெரிந்தே பொய் எழுதியவரையும் பிரித்துப் பார்க்க முடியும்.

மூன்று ஐயங்கள்

சட்டத்தின் நுணுக்கத்தை எளிய மொழியில் சொல்ல முடியுமா என்பது முதல் ஐயம். நாட்டிலேயே நுணுக்கம் மிகுந்த சட்டங்களில் ஒன்று வருமான வரிச் சட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2025ஆம் ஆண்டுச் சட்டம், சுமார் 5.12 லட்சம் சொற்களாக இருந்ததை 2.6 லட்சமாகவும், 819 பிரிவுகளை 536ஆகவும் குறைத்தது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று இரண்டு ஆண்டுகளை வைத்துக்கொண்டு பல தலைமுறைகளைக் குழப்பியதற்கு முடிவு கட்டி, ‘வரி ஆண்டு’ என்று ஒன்றையே வைத்தது. சட்டத்தையே இப்படி எழுத முடியும் என்றால் அதன் படிவத்தை எழுத முடியாதா?

படிவத்தைச் சுலபமாக்கினால் மோசடி பெருகும் என்பது இரண்டாவது. மோசடிக்காரருக்குக் கடினமான படிவம் ஒரு தடையே இல்லை. அவரிடம் நேரமும் பணமும் ஆளும் உண்டு. தடுக்கி விழுகிறவர்கள் எல்லோரும் நேர்மையானவர்கள்தான். மோசடியைப் பிடிப்பது சரிபார்ப்பின் வேலை. தெளிவாகக் கேட்டு வாங்கிய பதிலைச் சரிபார்ப்பது, குழப்பமான பதிலைச் சரிபார்ப்பதைவிடச் சுலபம்.

தாய்மொழியில் படிவம் கொடுத்துவிட்டோமே, அது போதாதா என்பது மூன்றாவது. கேரளம் இதில் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. 1957இல் ஈ.எம்.எஸ். அரசு ஆட்சிமொழி பற்றி ஆராய கோமாட்டில் அச்சுத மேனன் தலைமையில் குழு அமைத்தது. 1969இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 2017 மே 1 முதல் அரசு அலுவலகங்களில் மலையாளம் கட்டாயமானது. தமிழையும் கன்னடத்தையும் தாய்மொழியாகக் கொண்ட சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவை பெரிய உரிமைகள். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பத்தி நீளம் ஓடிய வாக்கியத்தை அப்படியே மலையாளத்திலோ தமிழிலோ ஓட விட்டால், மொழிதான் மாறியிருக்கும். முடிச்சு அப்படியே இருக்கும்.

தனிச் சொற்களிலும் இதே எச்சரிக்கை தேவை. நிலத்தின் பெயர் மாற்றத்துக்குக் கேரள வில்லேஜ் ஆபீசில் ‘போக்குவரவு’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதுவே பட்டா மாறுதல். தமிழருக்குப் போக்குவரவு என்றதும் பஸ்ஸும் லாரியும் நினைவுக்கு வரலாம். இங்குள்ள விவசாயிக்கோ அது பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல். அதை நீக்கிவிட்டுத் தூய புதுச்சொல் ஒன்றைப் போட்டால் படிவம் கடினமாகும். அதேபோல் ‘மின்கட்டணப் பட்டியல்’ என்று அச்சிட்டுவிட்டு, கீழே நின்று ‘கரண்ட் பில்லுங்க’ என்று விளக்குவதற்கு ஆள் போடுவதில் அர்த்தமில்லை. மக்கள் எதை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அந்தப் பெயர்தான் படிவத்தில் நிற்க வேண்டும். சட்டச் சொல் கட்டாயம் தேவைப்படும் இடத்தில் அதையும் வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுக்கலாம்.

மற்றவர்கள் செய்தது

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி, அரசு ஊழியர் தெளிவாக எழுதுவதற்கென்றே ஒரு கையேட்டை 1948இல் வெளியிட்டார். புத்தகம் பிரபலமானது, படிவங்கள் அவ்வளவாக மாறவில்லை. 1979இல் லிவர்பூலைச் சேர்ந்த கிறிஸ்ஸி மேயர், பதின்வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதிருந்தவர், லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைப் பலர் பார்க்கக் கிழித்துப் போட்டு எளிய ஆங்கில இயக்கத்தைத் தொடங்கினார். 1982இல் அங்குள்ள அரசு தன் படிவங்களையெல்லாம் மறுபரிசீலனைக்கு எடுத்தது. ஆயிரக்கணக்கானவை ஒழிந்தன, ஆயிரக்கணக்கானவை திருத்தி எழுதப்பட்டன. அறிவுரை சொல்லும் நூல் செய்யாததைக் கட்டாய மறுபரிசீலனை செய்தது. அமெரிக்கா 2010இல் எளிய எழுத்துச் சட்டமே இயற்றியது. 2023இல் உலகத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. எளிய மொழிக்கு 24495 என்ற எண்ணில் ஒரு தரநிலையை வெளியிட்டது. படிப்பவர் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள முடிகிறதா, புரிந்ததை வைத்துக் காரியம் செய்ய முடிகிறதா என்பவையே அதன் உரைகல்.

திரைக்கு மாறினாலும்

இப்போதெல்லாம் படிவம் திரையில் இருக்கிறதே, இந்தப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா கணினிச் சேவை மையங்கள் இன்று மாநிலமெங்கும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் நகராட்சிகளுக்காக வந்த கே-ஸ்மார்ட் இணையச் சேவைத் தளம் அடுத்த ஆண்டு கிராம பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை பஞ்சாயத்து 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவை எட்டியதாக அறிவிக்கப்பட்டு மாநிலத்துக்கே முன்மாதிரியானது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் காகிதத்தில் புரியாத கேள்வியை ஓரமாகக் கிறுக்கியாவது சமாளிக்கலாம். திரையில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. காகிதத் தரகர் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த தரகர் வருவார். அக்ஷயா மையத்தில் நிரப்பிக் கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் வருமானத்தை நமக்காக அவர் ஊகித்து எழுதும் நிலை வரக் கூடாது.

திரையால் ஒரு பெரிய வசதியும் உண்டு. நாள் கூலியைக் கொடுத்தால் ஆண்டு வருமானத்தை அதுவே கணக்கிடும். தகுதி இல்லையென்றால் மூன்றாவது கேள்வியிலேயே சொல்லிவிடும். மலையாளம், தமிழ், கன்னடம் என்று ஒரே படிவத்தை மூன்று மொழியில் காட்டும். கேள்வியைச் சரியாக எழுதி வைத்தவர்களுக்கே இந்த வசதிகள் பயன்படும்.

இனி செய்ய வேண்டியது

2016இல் முதல்வராகப் பொறுப்பேற்ற புதிதில் பினராயி விஜயன் செயலக ஊழியர்களிடம், ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று நினைவூட்டினார். பலரும் மேற்கோள் காட்டும் பேச்சு அது. அந்த வாழ்க்கை கோப்புக்குள் நுழையும் வாசல் படிவம். அதைச் செப்பனிட மூன்று நடைமுறைகள் போதும்.

எந்தப் படிவமும் அச்சுக்குப் போவதற்கு முன், அதை நிரப்பப்போகிறவர்களில் சிலரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். பேனா எங்கே தயங்குகிறதோ அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும். சாலை பஜாரில் மூட்டை தூக்கும் ஒருவர், பூந்துறையில் மீன் விற்கும் ஒரு பெண், தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் என்று ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், செயலக மாடியில் நடக்கும் பத்துக் கூட்டங்களைவிட அது அதிகம் சொல்லும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும். இந்தக் கேள்வி எந்த விதியின் கீழ் வருகிறது, பதிலை வைத்து அலுவலகம் என்ன முடிவெடுக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டையும் சொல்ல முடியாத கேள்வியை நீக்கிவிடலாம். அரசிடம் ஏற்கனவே இருக்கும் விவரத்தை மறுபடி கேட்கும் கேள்வியையும் நீக்கலாம்.

திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். எத்தனை திரும்பின, எந்தக் கட்டத்தில் ஏற்பட்ட தவறால் திரும்பின என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அலுவலகமும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். ஒரு கட்டத்தில் ஒருவர் தப்பு செய்தால் அது அவர் கவனக்குறைவாக இருக்கலாம். பத்தில் நான்கு பேர் அதே கட்டத்தில் தப்பு செய்தால் திருந்த வேண்டியது படிவம். இன்றைய நடைமுறையில் இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்: விண்ணப்பித்தவர் இன்னொரு நாள் வர வேண்டும். பதிவேடு இருந்தால், அந்த நாற்பது விழுக்காட்டுக்கு அலுவலகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தாழ்மையோடு அல்ல, காரணத்தோடு.